புரட்டிப் போட முடியாத அடுப்பு மேடை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை ஒளித்து வைத்துக்கொண்டு புத்தி சொல்ல ஆரம்பித்தால், கட்டிங் மெஷின் ஓட்டும் மாடசாமி என் முதுகுக்குப் பின்னால் நின்று உங்களுக்குக் கண்ணைக் காட்டுவான். இருபத்தாறு வருஷம் கல் அளந்த பிறகு, எனக்கு இடது எது வலது எது என்று தெரியாமல் போய்விட்டது. அதனால் ஒரு முழுக் கல் கெட்டது. கெட்ட கல்லை மறைக்கப் போய் ஒரு முழு நாள் கெட்டது. இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக அளவெடுக்கும் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, கல்லை எப்படி அறுப்பது, விளிம்பை எப்படி உருட்டுவது, எத்தனாம் நம்பர் பாலிஷ் போடுவது என்பதெல்லாம் இதில் வராது. அதை மாடசாமி சொல்லித் தருவான். கூடவே நாலு கெட்ட வார்த்தையும் இலவசமாகக் கிடைக்கும். தப்பு செய்த பிறகு மூஞ்சியை எப்படி வைத்துக்கொள்வது என்பது மட்டும்தான் என் பாடம்.

அப்போது நான் நம் பட்டறையில் பெரிய ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. இடுப்பில் டேப், காதில் பென்சில், சட்டைப் பையில் இரண்டு செல்போன். இரண்டாவது போனில் சிம் கார்டு கிடையாது, பார்க்கிறவர்களுக்காக வைத்திருந்தேன். வீடு கட்டுகிறவர்கள் கேட்லாக்கைப் புரட்டி, வெளிநாட்டு நடிகை பெயர் மாதிரி ஒரு பெயரைக் காட்டி, "இந்தக் கல் கிடைக்குமா சார்?" என்பார்கள். "கொஞ்சம் கஷ்டம். பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லி சிம் இல்லாத போனை எடுத்துக்கொண்டு வெளியே போவேன். அந்தக் கல் ஓசூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வந்து, ஒரு மாதமாக நம் யார்டில் தார்ப்பாயின் அடியில் கிடக்கும். வெளிநாட்டுக்குக் கப்பலேறப் போகிற கல்லுக்குத்தான் அந்தப் பெயர். ஏறாத கல்லுக்கு வெறும் கறுப்பு, வெறும் சிவப்பு.

ஜெசிந்தாக்கா கேட்லாக் கேட்கவில்லை. திரேஸ்புரத்தில் முப்பது வருஷமாக மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். சொந்தமாக ஒரு வீடு கட்டி முடித்திருந்தார். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வந்து, ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்கிறார். அன்றைக்குப் புது மேடையில் முதல் சமையல். அக்கா யார்டுக்கு வந்து, வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த கல்லையெல்லாம் விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனார். பாறை மீனைத் தட்டுகிற தட்டு.

"கலரு எதுனாலும் இருந்துட்டுப் போட்டும்ல. எல் சேப்புல மேடை மடங்கி வருது. அந்த மூலையில ஒட்டு இருக்கக் கூடாது. ஒரே கல்லு. முடியுமா, முடியாதா?"

எல் வடிவ மேடையை யாரும் ஒரே கல்லில் வெட்ட மாட்டார்கள். பாதிக் கல் வீணாகும். மடங்குகிற உள்மூலையில் விரிசல் விடும். இரண்டு துண்டாக வெட்டி மூலையில் ஒட்டுவதுதான் ஊர் வழக்கம். இதை அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இசக்கி கைல குடுத்துட்டீயல்லாக்கா. இனிமே நீங்க ஞாயித்துக்கெழமைக்கு மீனு மட்டும் பாத்தாப் போதும்."

நம் முதலாளி அண்ணாச்சி கல்லாவிலிருந்தே என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவு பெரிய கல் விற்பனைக்கு யார்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மேடைக்கு அச்சு எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிளைவுட் பட்டைகளை மேடை மேல் வைத்து, சுவரின் கோணலுக்கெல்லாம் வளைந்து கொடுத்து, ஆணியடித்துச் சேர்ப்போம். அச்சைத் தூக்குவதற்கு முன் அதன் முகத்தில் பென்சிலால் 'மேல்' என்று எழுத வேண்டும். எனக்கு வேலை பழக்கியவர், வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டு வந்து, "மேல் போட்டியா?" என்று கேட்பார். அவர் இருந்தவரை எழுதினேன். அதற்கப்புறம், எழுதுவதெல்லாம் சின்னப் பையன்களுக்கு என்று முடிவு செய்துகொண்டேன்.

மாடசாமி அக்கா வீட்டு அச்சை வாங்கி, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துக் கேட்டான்: "இதுல எதுண்ணே மேலு?"

"பிளைவுட்டுக்கு ஏதுல மேலு கீழு? வச்சு வெட்டு."

வைத்தான். வெட்டினான். விளிம்பை உருட்டி, சிங்குக்கு ஓட்டை போட்டு, அழகாகப் பாலிஷ் ஏற்றினான். வியாழக்கிழமை காலையில் எட்டுப் பேர் சேர்ந்து திரேஸ்புரம் சந்துக்குள் அதைத் தூக்கிப் போனோம். கல்லை நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். படுக்கப்போட்டுத் தூக்கினால் தன் கனத்திலேயே ஒடிந்துவிடும். நான் முன்னால் நடந்து, "ஓரம், ஓரம்" என்று கல்யாணத்துக்குக் குடை பிடிக்கிறவன் மாதிரி வழி விலக்கினேன். சமையலறையில் மேடைச் சுவர் மேல் மெதுவாகப் படுக்க வைத்தோம்.

மேடை வலது பக்கம் மடங்கியது. கல் இடது பக்கம் மடங்கியது.

அச்சைக் கவிழ்த்து வைத்து வெட்டியிருக்கிறோம். பிளைவுட் என்றால் புரட்டிப் போட்டுவிடலாம். கல்லுக்கு ஒரு முகத்தில்தான் பாலிஷ். மறுமுகம் அம்மி மாதிரி இருக்கும். எட்டுப் பேரும் கல்லைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஜெசிந்தாக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்து "தப்பா வெட்டிட்டேன்க்கா" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. வாயைத் திறக்கத்தான் செய்தேன்.

"ஒரு யோசனைக்கா. வாஸ்துப்படி பாத்தா அடுப்பு இந்தப் பக்கம் வாரதுதான்..."

"ஏலே, நான் மாதா கோயிலுக்குப் போறவ. என்ன எதுக்குல வாஸ்துக்குக் கூப்பிடுத?"

"அதில்லக்கா. கடல்காத்து ஜன்னல் வழியா நேரா அடிக்கும். அடுப்பு அணைஞ்சு போயிரும்."

"ஜன்னலைச் சாத்திக்கிடுதேன்."

"செவரு வேற கொஞ்சம் கோணலா நிக்கி. கொத்தனாரு தூக்குக்குண்டு பிடிக்காமக் கட்டிட்டாம் போல..."

எனக்குப் பின்னால் சிமென்ட் சட்டிக்குள் ஒரு கொத்துக்கரண்டி விழுந்தது. கொத்தனார் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் கூடப் பிறந்த தம்பி.

"என் செவரா கோணல்?" என்றார். அவர் கை பெரிய கை.

ஜெசிந்தாக்கா அவரைத் தடுக்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார். "இசக்கி, மீனுக்கு ஐஸ் போட்டு மூணு நாளாச்சுதுனு செவுளைத் தூக்கிப் பாத்து சொல்லிருவேன். ஒன் மூஞ்சியத் தூக்கிக்கூடப் பாக்க வேண்டாம். என்னமோ அழுகிருக்கு. என்னனு சாயந்தரத்துக்குள்ள சொல்லு."

"சின்ன அட்ஜஸ்ட்மென்ட்க்கா" என்று சொல்லி, எட்டுப் பேரையும் வைத்து, கொண்டுபோன கல்லைக் கொண்டுவந்தேன். சந்தில் இருந்தவர்கள் அதே கல் திரும்பி வருவதைப் பார்த்தார்கள். இந்தத் தடவை நான் பின்னால் நடந்தேன்.

சாயந்தரம் சொல்லப் போகவில்லை. போனையும் எடுக்கவில்லை. சிம் உள்ள போனைத்தான்.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். தப்பு செய்த புத்தியைவிட, தப்பை மறைக்கிற புத்தி சுறுசுறுப்பானது. அன்றைக்கு மத்தியானம் எனக்கு வந்த மாதிரி யோசனைகள் வாழ்நாளில் வந்ததில்லை. மாடசாமியும் நானும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தோம். மூலையில் அறுத்து இரண்டு துண்டாக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால் எல் வலது பக்கம் மடங்கும். விளிம்பை மறுபடி உருட்ட வேண்டும். சிங்க் கொஞ்சம் சுவர்ப் பக்கம் தள்ளிப் போகும். மூலையில் ஒரு ஒட்டு வரும்.

"அதான் வேண்டாம்னுல்லா சொல்லிருக்கா" என்றேன்.

"கல்லுத்தூளப் பசையில கொழைச்சுப் போட்டு, மேல பாலிஷ் ஓட்டிட்டா எவனுக்குண்ணே தெரியும்? ஒரு வருசத்துக்குத் தெரியாது. அதுக்கப்புறம் அந்த எடம் லேசா வெளுக்கும். அப்ப நாம செல்போன எடுக்கப் போறதில்ல."

பாடம் நன்றாகப் படித்திருந்தான். நான்தான் வாத்தியார்.

அண்ணாச்சி காதில் எல்லாம் விழுந்துகொண்டுதான் இருந்தது. "வேய் இசக்கி, ஒட்டுறதுன்னா ஒட்டும். ஆனா ஒட்டிட்டு 'ஒரே கல்லு'னு ஒம்ம வாயால சொல்லணும். என் பில்லுல அது வராது பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், பொய்யை நன்றாகச் சவரம் செய்து பவுடர் போட்டு எடுத்துக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் போனேன். நாளைக்கு வருகிறோம், ஒரே கல், விளிம்பு மட்டும் சரி செய்தோம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அக்கா மீன் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஒட்டு வேண்டாம்னு இவ ஏன் உயிர எடுக்கானு நெனைப்ப. வாடகை வீட்டு மேடையில ஒரு சந்து உண்டும். எம்புட்டுக் கழுவுனாலும் அந்தச் சந்துக்குள்ள மீன்தண்ணி போயி நிக்கும். பள்ளிக்கூடத்துல எம் பிள்ளய மீன்வாடைனு சொல்லி பெஞ்சு ஓரத்துல தள்ளி உக்கார வச்சாவ. அவ வீட்டுக்கு வந்து, அந்தச் சந்தக் குச்சிய வச்சு நோண்டிக்கிட்டே இருப்பா. இப்ப அவ நர்ஸாயிட்டா. ஞாயித்துக்கெழமை வாரா. அவ வந்து மொத மொதல்ல அந்த மூலையத்தான் தடவுவா. தெரியுமால?"

பொய்க்குப் போட்ட பவுடரெல்லாம் வேர்வையில் வழிந்துவிட்டது.

"அக்கா, கல்லத் தலைகீழா வெட்டிட்டேன். அச்சுல 'மேல்'னு எழுதல. மாடசாமி கேட்டான், நான்தான் திமிராப் பேசிட்டேன். வாஸ்து, காத்து, செவரு எல்லாமே பொய்யி. இப்ப ஒட்டு வச்சு ஒங்கள ஏமாத்தலாம்னுதான் வந்தேன்."

அக்கா டீயைக் குடித்து முடித்தார். கிளாஸ் என் தலைக்கு வரும் என்று நான் கொஞ்சம் குனிந்துகூட நின்றேன்.

"நேத்தே சொல்லிருந்தா நேத்தே வேற கல்லுக்கு ஆளு விட்டுருப்பேன். ஒரு நாளத் தின்னுட்டியல பாவி. எனக்கு ஞாயித்துக்கெழமை மேடை வேணும். ஒட்டு இல்லாம. எவன் கல்ல வெட்டுவியோ, எவன் கால்ல விழுவியோ, எனக்குத் தெரியாது."

யார்டுக்கு ஓடினேன். ஓசூரில் பேசினோம், அங்கே அந்த அளவில் கல் இருந்தது, வந்து சேரச் செவ்வாய்க்கிழமை ஆகும் என்றார்கள். வியாழக்கிழமை காலையிலேயே கேட்டிருந்தால் அன்று ராத்திரி கிளம்புகிற லாரியில் ஏற்றியிருப்பார்களாம். நான் சுவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

அண்ணாச்சி யார்டின் கடைசி மூலையைக் கையால் காட்டினார். அங்கே சாக்குப் போர்த்தி, கயிறு கட்டி ஒரு பெரிய கறுப்புக் கல் நின்றது. பட்டறையில் அதற்குத் தண்டல் கல் என்று பெயர். மாலத்தீவுக்குப் போகும் தோணிக்குத் தலைவராக, அதாவது தண்டலாக, இருந்த பெரியவர் ஒருவர், இரண்டு வருஷத்துக்கு முன் தனக்கும் வீட்டம்மாவுக்கும் சேர்த்துக் கல்லறைக்கு என்று அதை வாங்கிப் போட்டிருந்தார். இருவரும் நல்ல திடமாக இருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. கல்லறை மேல் குளியலறை டைல்ஸை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று பயம். மாதம் ஒருமுறை வந்து சாக்கை விலக்கி, துண்டால் கல்லைத் துடைத்துவிட்டுப் போவார்.

"ஒரு மனுசன்ட்ட போயி அவரு கல்லறையக் கேக்கணுமா அண்ணாச்சி?"

"ஏமாத்தப் போறதுக்கு ஒமக்கு வெக்கமா இல்ல. கேக்கப் போறதுக்கு வெக்கமாக்கும்?"

போனேன். தண்டல் பனியனோடு நின்று, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மரியாதையாக ஆரம்பித்தேன்.

"ஒடம்பெல்லாம் எப்படி இருக்கு தண்டலே?"

இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. "ஏளா, இங்க வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "கல்லுக்கடைக்காரன் நேர்ல வந்து ஒடம்ப விசாரிக்கான்."

"டாக்டர் எதுவும் சொல்லிருக்காரா?" என்று தொடர்ந்தேன். நிறுத்தத் தெரியவில்லை.

"பிரஷர் இருக்குனாரு, சுகர் இருக்குனாரு. நீ வாரேனு சொல்லலயே. என்னல விசயம்?"

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். பொய் சொன்னதையும் விடவில்லை. அவர் வீட்டம்மா கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தண்டல் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு நிதானமாகத் தேய்த்தார்.

"நான் அந்தக் கல்ல ஏன் எடுத்தேன் தெரியுமா? ஒட்டு இருந்தா சந்துல புல்லு முளைக்கும். எங்கப்பா கல்லறையில வருசா வருசம் நான்தான் புல்லு பிடுங்குதேன்."

"தெரியும் தண்டலே. அதான்..."

"குடுத்துத் தொலையும்" என்றார் அந்த அம்மா. "மாசாமாசம் போயி அதத் தடவிக் குடுத்துட்டு வாரது, என்னமோ பசுமாடு வளக்க மாதிரி. ஜெசிந்தா மவ பிறந்தப்ப நாந்தான் ஆஸ்பத்திரியில நின்னேன். அந்தப் பிள்ள வந்து சமைக்கட்டும். நமக்கு வேற கல்லு வரும்."

"வருமால?" என்று தண்டல் என்னைக் கேட்டார்.

"செவ்வாக்கெழம வந்துரும் தண்டலே."

"செவ்வாக்கெழம வரைக்கும் இருந்துருவோம்ளா?" என்று வீட்டம்மாவிடம் கேட்டார்.

"நீரு இருந்துருவீரு. என்னப் பாடாப் படுத்திட்டுத்தான் போவீரு."

அக்காவிடம் போய் அது கல்லறைக்கு வாங்கிய கல் என்பதையும் சொன்னேன். இனிமேல் எதையும் மறைக்கிற தெம்பு எனக்கு இல்லை. "பேரு வெட்டிட்டாவளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப என்ன, கல்லுதான?" என்றார்.

சனிக்கிழமை காலையில் யார்டு திறப்பதற்கு முன்பே தண்டல் வந்து மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அச்சைக் கையில் வாங்கிக்கொண்டார். 'மேல்' என்று என்னை எழுதச் சொன்னார். பென்சில் தெரியவில்லை, பெயின்ட்டால் எழுது என்றார். எழுதினேன். அந்த வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். அச்சிலேயே ஜன்னலை வரையச் சொன்னார். பிறகு கொத்தனாருக்குப் போன் போட்டு, மேடை எந்தப் பக்கம் மடங்குகிறது என்று தனியாக விசாரித்தார். மாடசாமி ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு பாடம் நான் படித்ததில்லை.

பொழுது சாய்வதற்குள் கல்லை ஏற்றிப் படுக்க வைத்துவிட்டோம். வலது பக்கம் மடங்கியது.

இடது பக்கம் மடங்கிய கல்லை அண்ணாச்சி என் தலையிலேயே கட்டினார். அறுத்து, திருப்பி, ஒட்டி, இப்போது என் வீட்டு மேடையாக இருக்கிறது. சிங்க் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டி கழுவும்போதெல்லாம் விரல்முட்டி சுவரில் இடிக்கும். அதனால் சட்டி கழுவுகிற வேலையை என் மனைவி எனக்கே கொடுத்துவிட்டாள். ஒட்டிய இடம் மாடசாமி சொன்னபடியே ஒரு வருஷத்தில் வெளுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார். மேடை மேல் விழுந்த தண்ணீர் மூலையைத் தாண்டி, எங்கேயும் நிற்காமல், அப்படியே சிங்க் பக்கம் ஓடியது. அக்காவின் மகள் கைப்பையைக் கழற்றக்கூட இல்லை. நேராக உள்ளே வந்து, அந்த மூலையில் நகத்தை வைத்து இழுத்தாள். நகம் எதிலும் மாட்டவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தாக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் சீலா மீனை எடுத்து மேடையில் போட்டு அறுக்க ஆரம்பித்தார்.

நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். தண்டல் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்று, முன்னாள் சொத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு பொங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்டலே, ஒங்க உபகாரத்த மறக்க மாட்டேன். செவ்வாக்கெழம புதுக்கல்லு வந்ததும், கூலி ஒண்ணும் வேண்டாம், ஒங்களுக்கும் அம்மாவுக்கும் நானே நேர்ல வந்து, என் கையால அளவெடுத்து..."

அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"அளவெடுக்க மட்டும் நீ வராதல."